சுங்கை சிப்புட்டில் வீட்டு நகைக்குக் காப்புறுதி: பாலிசியும் மதிப்புக் கடிதமும் எவ்வளவு தாங்கும்?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஏஜெண்ட் நீட்டும் சாதாரண ஹவுஸ்ஹோல்டர் பாலிசி தீக்கும் வெள்ளத்துக்கும் நல்ல சரக்கு. டிவி, பிரிட்ஜ், சோபா, பீரோ எல்லாவற்றையும் ஒழுங்காகத் தாங்கும். நகை என்று வரும்போது அது அரைகுறை. நகைப் பட்டியலைத் தனியாக இணைத்து, எடையை கிராமில் எழுதி, ஆண்டுதோறும் தொகையைத் திருத்தினால் மட்டுமே அந்தப் பாலிசியை நம்பலாம். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட், அதைச் சுற்றியுள்ள தோட்டங்கள், புதுத் தாமான்கள் எங்கும் கல்யாணத்துக்குக் கல்யாணம் நகை சேர்கிறது. பாலிசியில் எழுதிய எண் மட்டும் எடுத்த நாளில் இருந்தபடியே கிடக்கிறது.

முதல் குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. வீட்டுக் கடன் வாங்கும்போது வங்கி கேட்பது தீக் காப்புறுதி அல்லது ஹவுஸ்ஓனர் பாலிசி. அது சுவர், கூரை, கதவு, கிரில் ஆகியவற்றுக்கு. வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கு ஹவுஸ்ஹோல்டர் என்று தனிப் பாலிசி வேண்டும். "வங்கியில் இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்று நிம்மதியாக இருப்பவர்களில் பலரிடம் இருப்பது கட்டடத்துக்கானது மட்டும். சிலரிடம் இருப்பது அதுவுமில்லை, கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் எம்ஆர்டிஏ. அதில் ஒரு மூக்குத்திக்குக்கூட இடம் கிடையாது. வாடகை வீட்டில் இருப்பவரும் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருப்பவரும் ஹவுஸ்ஹோல்டர் எடுக்கலாம். வீடு சொந்தமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

இனி நுணுக்க எழுத்து. மலேசியாவில் விற்கப்படும் ஹவுஸ்ஹோல்டர் பாலிசிகளின் வழக்கமான வாசகத்தில் நகையைக் கட்டிப்போடும் இரண்டு வரிகள் உண்டு. தனியாகப் பட்டியலிடாத எந்த ஒரு பொருளும் மொத்தக் காப்புறுதித் தொகையில் 5 விழுக்காட்டுக்கு மேல் மதிப்புள்ளதாகக் கொள்ளப்படாது. மேசை நாற்காலி, வீட்டு மின்சாதனங்கள் போன்றவற்றுக்கு இதில் விலக்கு உண்டு. தங்கம், வெள்ளி, பிளாட்டினம், நகை எல்லாம் சேர்ந்து மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது அடுத்த வரி.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வலி புரியும். சாமான்களுக்கு 60,000 ரிங்கிட் பாலிசி என்று வைத்துக்கொள்வோம். 10 பவுன் தாலிக்கொடி, அதாவது 80 கிராம். கணக்குக்காக கிராம் 500 ரிங்கிட் என்றால் அதன் உலோக மதிப்பே 40,000. பட்டியலிடாமல் விட்டால் பாலிசியின் பார்வையில் அந்தக் கொடி 3,000 ரிங்கிட். வீட்டில் இருக்கும் ஆரம், அட்டிகை, வளையல், பிள்ளைகளின் சங்கிலி அத்தனையும் சேர்த்து 20,000. விற்கும்போது இதை வாய்திறந்து சொல்லும் ஏஜெண்ட் குறைவு. புரோஷரின் முதல் பக்கத்திலும் இருக்காது. பாலிசி வாசகத்தில் 'சாமான்கள்' என்பதற்கு விளக்கம் எழுதிய பத்தியை ஒட்டித் தேட வேண்டும்.

தனியாகப் பட்டியலிட்டவர்களும் தப்பவில்லை. அவர்களைக் கடிப்பது விலை. 2022-இல் உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் 1,800 அமெரிக்க டாலரை ஒட்டி இருந்தது. 2025 மார்ச்சில் 3,000-ஐத் தாண்டியது, அதே ஆண்டு அக்டோபரில் 4,000-ஐயும் தாண்டியது. அன்று கிராம் 250 ரிங்கிட் என்று போட்டு, மேலே சொன்ன அதே 80 கிராம் கொடியை 20,000 என்று பட்டியலில் எழுதியிருந்தால், இன்று காணாமல் போனாலும் கிடைப்பது 20,000 தான். மேலே போட்ட 500 ரிங்கிட் கணக்கில் பாதிக் கொடி வாங்கலாம். பகுதி நட்டத்திலும் இதே கத்தி விழும். குறைத்துக் காப்புறுதி செய்தால் மீதிக்கு நீங்களே பொறுப்பு என்ற விகித விதி பாலிசியில் உண்டு. 40,000 மதிப்புள்ளதை 20,000-க்கு எழுதியிருந்தால், தீயில் கெட்ட கொடியைச் சரிசெய்ய 2,000 செலவானாலும் கைக்கு வருவது 1,000. பிரீமியத்தைக் குறைக்க வேண்டுமென்று தொகையைக் குறைத்து எழுதச் சொல்பவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

திருட்டு என்ற சொல்லுக்கும் பாலிசியில் தனி எல்லை. கதவையோ ஜன்னலையோ கூரையையோ வலுக்கட்டாயமாக உடைத்து நுழைந்திருக்க வேண்டும், அல்லது உடைத்து வெளியேறியிருக்க வேண்டும். அதற்கான முயற்சியின் தடயமாவது இருக்க வேண்டும். பின்கதவு பூட்டாமல் இருந்தது, கிரில் இடுக்கு வழியாகக் கம்பில் கொக்கி மாட்டி மேசை மேலிருந்த கைப்பையை இழுத்தார்கள், தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர் போல நுழைந்து அலமாரியைத் துழாவினார்கள் என்றால் கிளெய்ம் சிக்கலாகும். வீட்டாரே, வேலைக்கு வருபவரே எடுத்தது என்றாலும் அப்படித்தான். கோயில் திருவிழாக் கூட்டத்தில் சங்கிலி அறுத்துக்கொண்டு ஓடினால் அது வீட்டுக்கு வெளியே நடந்தது, ஹவுஸ்ஹோல்டர் அந்தப் பக்கமே திரும்பாது.

இன்னொரு வரி தோட்டப் பட்டணங்களில் ரொம்ப முக்கியம். காப்புறுதி ஆண்டில் வீடு ஆளில்லாமல் 90 நாளுக்கு மேல் கிடந்தால் திருட்டுக்கான பாதுகாப்பு நின்றுபோகும். தொடர்ச்சியாக 90 நாள் என்று பலர் நினைக்கிறார்கள். விட்டுவிட்டுப் போன நாட்களும் கூட்டப்படும். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருக்க, பெரியவர்கள் மாதம் பத்து நாள் அங்கே தங்கினால் ஆண்டுக்கு 120 நாள் ஆகிவிடும். முன்கூட்டியே நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்டதை எண்டார்ஸ்மெண்டாக (பாலிசியோடு இணைக்கும் திருத்தக் கடிதமாக) வாங்கி வைக்க வேண்டும். வாட்ஸாப்பில் ஏஜெண்ட் அனுப்பிய கட்டைவிரல் படம் எண்டார்ஸ்மெண்ட் ஆகாது.

பலகைச் சுவர் லயத்து வீடுகளுக்கு நிலைமை கடினம். கட்டுமானம் செங்கல்லா, பாதிச் செங்கல் பாதிப் பலகையா, முழுப் பலகையா என்பதைப் பொறுத்து வகுப்பு மாறும், பிரீமியமும் மாறும். பலகை வீட்டுக்குத் தீ மட்டும் தருகிறோம், திருட்டு வேண்டாம் என்று ஒதுங்கும் நிறுவனங்களும் உண்டு. பலகை வீட்டைச் செங்கல் என்று எழுதிப் பிரீமியத்தைக் குறைப்பது படுமோசமான யோசனை. 2013 நிதிச் சேவைச் சட்டத்தின் 9-ஆம் அட்டவணைப்படி, கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு உண்மை சொல்வது காப்புறுதி எடுப்பவரின் கடமை. பொய் சொன்னது தெரிந்தால் கிளெய்மே படுத்துவிடலாம். முன்னறையில் மளிகைக்கடையோ தையல் கடையோ நடத்தினால் அதையும் படிவத்தில் எழுதுங்கள்.

அப்படியென்றால் ஆல் ரிஸ்க்ஸ்? வீட்டுக்குள்ளும் வெளியிலும், திருட்டு, வழிப்பறி, தவறி விழுந்து தொலைவது எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் பாலிசி இது. ஒவ்வொரு நகையும் எடை, மாற்று (ஆயிரத்தில் எத்தனை பங்கு தங்கம், 916 என்றால் 916 பங்கு), மதிப்போடு பட்டியலில் ஏற வேண்டும். ஆவணம் இல்லாமல் எடுக்க முடியாது. பிரீமியம் ஹவுஸ்ஹோல்டரைவிட நன்றாகவே கூடுதல். தேய்மானம், ஆளில்லாத காருக்குள் வைத்துத் தொலைத்தது, எப்படிப் போனது என்றே சொல்ல முடியாத காணாமல் போதல் ஆகியவை பெரும்பாலும் விலக்கு. சிலவற்றில், அணியாத நேரத்தில் பூட்டிய பெட்டகத்தில் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. பெட்டகம் என்றால் தரையிலோ சுவரிலோ போல்ட் போட்டு இறுக்கியது. பலகைத் தரையில் சும்மா நிறுத்திய பெட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் சாவகாசமாக வேறிடத்தில் உடைப்பார்கள். சாவியைப் பெட்டகம் இருக்கும் அறையிலேயே சேலை மடிப்புக்குள் வைப்பதும் கிளெய்ம் நேரத்தில் கேள்வியாகும். அன்றாடம் கழுத்திலும் கையிலும் கிடக்கும் நகைக்கு ஆல் ரிஸ்க்ஸ், பீரோவில் தூங்கும் நகைக்கு ஹவுஸ்ஹோல்டரின் தனிப் பட்டியல் என்று பிரித்து எடுப்பதே காசுக்குத் தகுந்த ஏற்பாடு.

இரண்டுக்கும் அடிப்படை மதிப்புக் கடிதம். பட்டணத்து நகைக்கடைகளின் சேவை சறுக்குவது இங்கேதான். கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது கடை ரசீதுத் தாளில் ஒரே வரி: "அட்டிகை 1, 48.60 கிராம், 916", கீழே ஒரு தொகை, ரப்பர் முத்திரை. பழகிய வாடிக்கையாளருக்கு இலவசம், பத்து நிமிட வேலை. நட்டத்தைக் கணக்கிட நிறுவனம் அனுப்பும் அட்ஜஸ்டர் முன்னால் அந்தத் தாள் எத்தனை கேள்விக்குத் தாங்கும் என்பதுதான் பேச்சு.

அந்த 48.60 கிராம் எதனுடைய எடை? பழைய கெம்புக்கல் அட்டிகையில் கல்லுக்கு அடியிலும் பதக்கத்தின் வயிற்றிலும் அரக்கு இருக்கும். தட்டிப் பார்த்தால் மொத்தைச் சத்தம் வரும். கல்லும் அரக்கும் போனால் தங்கம் எவ்வளவு என்பதைப் பிரிக்காமல் துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது. நல்ல கடிதம் மொத்த எடையை ஒரு வரியிலும், தங்கத்தின் நிகர எடையை 'கணிப்பு' என்று குறிப்பிட்டு அடுத்த வரியிலும் எழுதும். மொத்த எடைக்கே தங்க விலை போட்டுக் கொடுத்த கடிதம் பார்க்க இனிக்கும். அந்தக் கூடுதல் தொகைக்கு ஆண்டாண்டாகப் பிரீமியம் கட்டுவீர்கள், கிளெய்மில் அட்ஜஸ்டர் கழித்துவிடுவார்.

மாற்று பார்ப்பதில் இரண்டு முறைகள் புழக்கத்தில். உரைகல்லில் கோடிழுத்து அமிலம் தொட்டு, மாற்று தெரிந்த ஊசியின் கோட்டோடு ஒப்பிடுவது ஒன்று. எக்ஸ்ரே எந்திரத்தில் வைத்து அரை நிமிடத்தில் விழுக்காட்டைத் திரையில் காட்டுவது மற்றொன்று. இரண்டும் மேற்பரப்பைத்தான் படிக்கின்றன. தடித்த முலாம் இரண்டையும் ஏமாற்றும். கை தேர்ந்த பத்தர் கண்ணில் படாத இடத்தில், கொக்கியின் உள்பக்கத்தில் அல்லது தேய்ந்த கண்ணியில்தான் உரசுவார். பற்றவைத்த இடத்தில் உரசினால் மாற்று குறைவாகக் காட்டும், அதற்காக முழு நகையும் மட்டம் என்று முடிவு கட்டக்கூடாது. எந்திரம் வைத்திருக்கும் கடையானால் குறைந்தது மூன்று இடத்தில் அளந்து, மூன்று எண்ணையும் கடிதத்தில் போடச் சொல்லுங்கள்.

கல்லும் அரக்கும் இல்லாத, உள்ளே கூடில்லாத சங்கிலிக்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். 0.01 கிராம் காட்டும் சிறு தராசு போதும். தராசில் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். சங்கிலியை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீரில் முழுதும் மூழ்கும்படியும் கிளாஸின் அடியிலோ பக்கத்திலோ படாமலும் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் சங்கிலியின் எடையை வகுத்தால், 916-க்கு 17.6 முதல் 18 வரை வர வேண்டும். 24.00 கிராம் சங்கிலிக்குத் தராசில் 1.35 வந்தால் 17.8, சரி. 15.5-ஐ ஒட்டி வந்தால் 750 தங்கமாக இருக்கலாம். கண்ணிகளுக்கிடையே காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் வகுத்து வரும் எண் தவறாகக் குறையும், ஒரு துளி சோப்புத் தண்ணீர் விட்டால் விலகும். குண்டுமணி, ஜிமிக்கி போன்ற கூடுள்ள நகைக்கு இந்தச் சோதனை உதவாது.

முத்திரையையும் பூதக்கண்ணாடியில் படிக்க வேண்டும். பாட்டி காலத்துச் சங்கிலிகளில் 835 என்று இருக்கும். அதை 916 என்று எழுதிவிட்டால் கிராமுக்கு எட்டு விழுக்காடு தங்கம் காகிதத்தில் மட்டும் இருக்கும். சென்னையில் வாங்கிய கல்யாண நகையில், 2023 ஏப்ரலுக்குப் பிறகு விற்றதென்றால், இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையோடு எச்யுஐடி என்ற ஆறு இலக்க எழுத்தெண் இருக்க வேண்டும். நகைக்கு நகை மாறும் எண் அது. பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் விவரம் வரும். காப்புறுதிப் பட்டியலுக்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை, ஆனால் உள்ளூர்க் கடைகள் கடிதத்தில் இதை எழுதுவதே அபூர்வம். கேட்டு எழுதி வாங்குங்கள்.

வைர மூக்குத்தி, தோடு விஷயத்தில் பட்டணத்துக் கடைகளின் சேவைக்குத் தேர்ச்சி மதிப்பெண் தர முடியாது. பேனா போன்ற டெஸ்டரை வைத்து 'பீப்' சத்தம் வந்தால் வைரம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். வெப்பத்தை மட்டும் அளக்கும் டெஸ்டரில் வைரம் போலத் தெரியும் வேறு கல்லான மொய்ஸனைட்டும் பாஸாகும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரம் வேதியியலில் வைரமேதான், டெஸ்டர் அதை ஒருபோதும் பிரித்துக் காட்டாது. விலையிலோ மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். பின்பக்கம் மூடிக் கல் பதித்த பழைய நகையில் கல்லின் ஆழம் தெரியாததால் எடையும் ஊகம்தான். பெரிய கல்லென்றால் ஜிஐஏ போன்ற ஆய்வுக்கூடச் சான்றிதழ் இருந்தால்தான் காப்புறுதித் தொகைக்கு அர்த்தம். பொடிக் கற்களுக்கு அந்தச் செலவு வீண்.

எந்த மதிப்பு என்பதும் கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும். உருக்கினால் என்ன விலை, கடை திரும்ப வாங்கினால் என்ன விலை, அதே நகையைப் புதிதாகச் செய்தால் என்ன விலை என்று மூன்று உண்டு. காப்புறுதிக்குக் கேட்க வேண்டியது மூன்றாவது: அன்றைய கிராம் விலை, செய்கூலி, கல் விலை தனித்தனியாக. பஜாக் கடையும் (அடகுக் கடை) அர்-ரஹ்னு முகப்பும் (இஸ்லாமிய முறை அடகு) சொல்லும் மதிப்பு கடன் கொடுப்பதற்கானது, கூலிக்கு அதில் இடமில்லை. அதைக் கொண்டுபோய்ப் பாலிசியில் எழுதினால் நட்டம் உங்களுக்கு. கடிதத்தில் தேதி, மதிப்பிட்டவரின் பெயர், கடையின் பதிவு எண், தராசில் எடை-அளவைச் சரிபார்ப்பு ஸ்டிக்கர் இருக்கிறதா என்பது, நகைக்கு நான்கு படங்கள்: முன், பின், முத்திரை நெருக்கத்தில், அடையாளக் குறை. வளைந்த திருகாணியும் விட்டுப்போன ஒரு கல்லும் அழகைக் கெடுக்கலாம், அதுவே உங்கள் நகை என்பதற்கு அத்தாட்சி. இவ்வளவும் எழுதித் தர ஈப்போ வரை போக வேண்டியிருந்தாலும், கட்டணம் கேட்டாலும், பெரிய நகைகளுக்குப் போவதே மேல்.

வங்கிப் பெட்டகம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திருட்டுக்கு எதிராக நல்லது. எல்லாக் கிளைகளிலும் கிடையாது, இருக்கும் இடத்தில் காத்திருப்புப் பட்டியல் இருக்கலாம். தீபாவளிக்கு முன்பே எடுத்துவர வேண்டும், எடுத்துவந்த அந்த வாரம்தான் ஆபத்தான வாரம். உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது, பொறுப்பும் ஒப்பந்தத்தில் குறுக்கப்பட்டிருக்கும். வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகமான பி.ஐ.டி.எம். வங்கி வைப்புக்குத் தரும் 250,000 ரிங்கிட் பாதுகாப்பு பெட்டகத்துப் பொருளுக்குக் கிடையாது. வீட்டு முகவரியில் எடுத்த ஹவுஸ்ஹோல்டரும் அங்கே முழுமையாகத் தொடரும் என்று நம்பிவிடக்கூடாது.

பஜாக் கடையைப் பெட்டகமாகப் பயன்படுத்துவது நம்மவர் பழக்கம். 1972 அடகுபிடிப்போர் சட்டப்படி வட்டி மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, மீட்கும் தவணை ஆறு மாதம். 1,000 ரிங்கிட் வாங்கினால் ஆறு மாதத்துக்கு 120 ரிங்கிட் வட்டி. வட்டியைக் குறைக்க 40,000 ரிங்கிட் கொடியைச் சிறு தொகைக்கு அடகு வைப்பார்கள். கடையில் தீயோ கொள்ளையோ நடந்தால் நட்ட ஈடு கடன் தொகையை ஒட்டித்தான் கணக்கிடப்படும், கொடியின் மதிப்பை வைத்து அல்ல. மலிவாகத் தெரிவது அங்கேதான் விலை கேட்கும். வட்டிக்குப் பதில் பாதுகாப்புக் கூலி வாங்கும் அர்-ரஹ்னு எல்லா இனத்தாருக்கும் திறந்தது. அங்கேயும் காப்புறுதி எவ்வளவுக்கு என்று கேட்டு எழுத்தில் பார்த்துவிட்டு வையுங்கள்.

வெள்ளிக் குத்துவிளக்கு, பூஜைத் தட்டு ஆகியவையும் அந்த மூன்றில் ஒரு பங்குக்குள்தான் அடங்கும். பட்டுச்சேலைகள் சாதாரணச் சாமான் கணக்கு. கையிருப்புப் பணத்துக்கு மிகச் சிறு வரம்பே இருக்கும், கல்யாண மொய்ப் பணத்தை இரவு வீட்டில் வைப்பவர்கள் கவனிக்க.

கிளெய்ம் என்று வந்தால் முதல் நாளே பாதி முடிவு தெரிந்துவிடும். உடைந்த கிரில்லையும் பூட்டையும் படமெடுக்கும் முன் பழுதுபார்க்காதீர்கள். அன்றே போலீசில் ரிப்போர்ட் செய்யுங்கள், மதிப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதிலுள்ள பெயரிலும் கிராமிலும் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் "12 பவுன்", பாலிசியில் 88 கிராம் என்று இருந்தால் அட்ஜஸ்டர் பிடிப்பது அந்த 8 கிராமைத்தான். பதற்றத்தில் எல்லாம் நினைவுக்கு வராது என்பதால் "மேலும் சரிபார்த்துச் சொல்கிறேன்" என்ற வரியை ரிப்போர்ட்டிலேயே சேர்க்கச் சொல்லலாம். அதில்லாமல் ஒரு வாரம் கழித்து இரண்டாவது ரிப்போர்ட்டில் நான்கு வளையல் கூடினால் சந்தேகம் வரும். நிறுவனத்துக்கும் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், ஏஜெண்டிடம் வாயால் சொன்னது போதாது. மதிப்புக் கடிதமும் படங்களும் திருட்டுப் போன பீரோவுக்குள்ளேயே இருந்தால் என்ன பயன், ஒரு பிரதி வேறு வீட்டிலும் ஒன்று மின்னஞ்சலிலும் இருக்கட்டும்.

நிறுவனம் மறுத்தாலோ குறைத்தாலோ, எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் கேளுங்கள். அந்த நிறுவனத்தின் புகார்ப் பிரிவு தரும் இறுதிப் பதில் திருப்தி இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் எஃப்எம்ஓஎஸ் எனப்படும் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் (தகராறு தீர்க்கும்) சேவைக்குப் போகலாம். 2025 ஜனவரி முதல் பழைய ஓஎஃப்எஸ் (நிதிச் சேவை ஓம்புட்ஸ்மன்) இந்தப் பெயரில் இயங்குகிறது. 250,000 ரிங்கிட் வரையிலான காப்புறுதி, தக்காஃபுல் (இஸ்லாமியக் காப்புறுதி) தகராறுகளை எடுத்துக்கொள்ளும், புகார் கொடுப்பவருக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.